பர்மாவைச் செட்டிநாடு வளர்த்ததா, கெடுத்ததா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தேவகோட்டைப் பக்கத்தில் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கும்போது, உங்கள் பாட்டையாவின் பெட்டகத்தில் ஒரு பேரேடும், பர்மாவில் ஹெந்தாடா பகுதியிலிருந்த நெல்வயல்களின் பத்திரங்களும் கிடைத்திருக்கின்றன. "நாம் இருந்தவரை பர்மா செழிப்பாக இருந்தது, நம்மை விரட்டினார்கள், நாடே படுத்துவிட்டது" என்று உங்கள் ஐயா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். இப்போது உங்களோடு வேலை பார்க்கும் பர்மியப் பெண் ஒருவர், "செட்டிகள் எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், எங்கள் வறுமை அங்கேதான் ஆரம்பித்தது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, அந்தப் பத்திரங்களுக்கு இன்று ஏதாவது மதிப்பு உண்டா என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பர்மா உண்மையிலேயே பணக்கார நாடாக இருந்ததா? அங்கே நம் ஊர்ப் பணம் என்ன செய்தது? அப்புறம், அந்த நாடு ஏன் இப்படி ஆனது? மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இரண்டு தரப்பிலும் கோபம் மிஞ்சுகிறது. நான் காரைக்குடியில் பொருளாதார வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அல்லன். ஆனால் இந்த ஊரில் வரலாறு நடத்துகிறவன் பர்மாவைத் தொடாமல் போக முடியாது. மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டிய ஐந்தொகைகளையும் (வரவுசெலவை முடித்து எழுதும் கணக்குகளையும்) பேரேடுகளையும் பல ஆண்டுகள் படித்திருக்கிறேன். பர்மிய மொழி எனக்குத் தெரியாது. அந்த நாட்டு விவசாயியின் தரப்பை அரசு அறிக்கைகள் வழியாகவும் மொழிபெயர்ப்புகள் வழியாகவும்தான் அறிவேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் செழிப்பு. ஆங்கிலேயர் பர்மாவை ஒரேயடியாகப் பிடிக்கவில்லை. 1824ல் தொடங்கிய முதல் போர், 1852ல் இரண்டாம் போர், 1885ல் மூன்றாம் போர் என்று மூன்று கட்டமாக விழுங்கினார்கள். கடைசி அரசர் தீபா மகாராஷ்டிரக் கரையிலுள்ள ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். இதில் நமக்கு முக்கியம் 1852. அப்போதுதான் ஐராவதியின் கழிமுகம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அன்றைக்கு அது பெரும்பாலும் சதுப்புக் காடு. 1850களில் கீழ் பர்மாவில் நெல் விளைந்த பரப்பு 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. காட்டை வெட்டி, கரை கட்டி, உப்பு நிலத்தைக் கழனியாக்கியது பர்மிய விவசாயி. மேல் பர்மாவின் வறண்ட பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து, காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்து அந்த நிலத்தை உண்டாக்கினார்கள். செட்டிநாட்டில் பர்மாவைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வாக்கியம் எப்போதும் விடுபட்டுப்போகிறது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது, பிறகு இந்தியாவே பெரிய வாடிக்கையானது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. உலகில் அதற்கு மேல் அரிசி விற்ற நாடு வேறில்லை. எண்ணெய், தேக்கு, ஈயம் வேறு. ஆக, நாட்டின் கணக்கில் செல்வம் இருந்தது உண்மை. அது யாரிடம் போனது என்று பாருங்கள். எண்ணெய் பர்மா ஆயில் கம்பெனியிடம். தேக்கு பம்பாய் பர்மா வணிகக் கழகத்திடம். ஆற்றுப் போக்குவரத்து ஐராவதி புளோட்டில்லா என்ற கப்பல் கம்பெனியிடம். அரிசி ஆலைகளிலும் ஏற்றுமதியிலும் ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள். அவற்றில் பெரியவை நான்கும் 1921ல் புல்லிங்கர் கூட்டு என்று ஒன்றை அமைத்துக்கொண்டு, நெல்லைக் குறைந்த விலைக்கு வாங்குவதற்காகக் கைகோத்தன. துறைமுகக் கூலியும் ஆலைக் கூலியும் பெரும்பாலும் தெலுங்கு, தமிழ், ஒடியாத் தொழிலாளர்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கடன் கொடுத்தவர்கள் நம்மவர்கள். ஆட்சி வெள்ளையருடையது. பர்மியருக்கு மிஞ்சியது வயல், அதுவும் கடனில். அங்கே அதிகாரியாக இருந்த பர்னிவால், பல இனங்களும் சந்தையில் மட்டும் சந்தித்துக்கொள்ளும், ஆனால் ஒன்றாக வாழாத சமூகம் என்று இதை விவரித்தார். எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

இனி நம் ஊர்ப் பணம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் இரண்டு பக்கமும் கதை கட்டுகிறார்கள். 1929-30ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு என்று ஒன்று உட்கார்ந்தது. அதன் அறிக்கைதான் இந்த விஷயத்தில் அடிப்படை ஆவணம். பர்மாவில் 1,600க்கு மேற்பட்ட நகரத்தார் கடைகள் இருந்ததாகவும், அவை கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் அது சொல்கிறது. கடைகளின் எண்ணிக்கையை நம்பலாம். 75 கோடி என்பது குழுவின் மதிப்பீடு. கடைக்காரர்கள் எல்லாக் கணக்கையும் திறந்து காட்டவில்லை, ஒரே பணம் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு வட்டிக்குப் போய் இரண்டு இடத்தில் எண்ணப்படவும் வாய்ப்பிருந்தது. எனவே அதைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அளவைக் காட்டும் எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடனில் பெரும்பகுதி விவசாயத்துக்கே போயிருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நிறையப் பேர் வெள்ளைக்கார வங்கிகளிடம் வாங்கி விவசாயியிடம் விட்டார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியும் நடந்தது. இம்பீரியல் வங்கி போன்றவை பெரிய செட்டியார் கடைகளுக்குக் கடன் கொடுத்தன. ஆனாலும் முதலின் பெரும்பங்கு இந்தச் சமூகத்துக்குள்ளேயே திரண்டது. முதலாளியின் சொந்தப் பணம், உறவினரிடம் வைப்பாக வாங்கிய மேம்பணம், கோயிலுக்கென்று ஒதுக்கிய மகமைப் பணம், சீதனமாக வந்து வட்டிக்கு விட்டிருந்த ஆச்சிமார் பணம் எல்லாம் அதில் இருந்தன. உங்கள் பேரேட்டில் பெண்கள் பேரில் தனிப் பற்றுவரவு இருக்கிறதா என்று பாருங்கள், இருக்க வாய்ப்பு அதிகம். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள் (பல கடைகள் சேர்ந்து தொழில் நடத்திய கட்டடங்கள்), அங்கேயே தண்டாயுதபாணி கோயில். தமிழ் மாதத்துக்கு ஒருமுறை கோயிலில் கூடி, கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டி என்ன என்று முடிவு செய்தார்கள். ரங்கூன் கடையிலிருந்து கழிமுகத்துச் சின்ன ஊர்களின் கடைகளுக்குப் பணம் போகும். அங்கே கடைப் பொறுப்பாளரான மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன் என்று சிலபேர். மூன்று ஆண்டுச் சம்பளச் சீட்டில் போய், கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள். முதலாளிகளில் பலர் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். "பர்மாவுக்குப் போன செட்டியார்" என்று பொதுவாகச் சொன்னாலும், விவசாயியின் எதிரில் உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் இந்தச் சம்பளக்காரர்தான்.

வட்டி எவ்வளவு? நிலத்தை ஈடு வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 15 முதல் 24 வரை, ஈடில்லாவிட்டால் அதற்கும் மேல். இன்றைய வங்கி வட்டியோடு ஒப்பிட்டால் கொடுமை. அன்றைக்குக் கிராமத்தில் கடன் கொடுத்த மற்றவர்களோடு, அவர்களில் பர்மியரும் உண்டு, ஒப்பிட்டால் குறைவு. இரண்டுமே உண்மை. இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவதுதான் வழக்கமாகிவிட்டது. விதை, மாடு, கூலி, அறுவடை வரை குடும்பத்துக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் முன்பணம் தேவைப்பட்ட புது நிலத்தில், வெள்ளைக்கார வங்கி ஒன்றுகூட விவசாயிக்கு நேராகக் கடன் தர வரவில்லை. அரசாங்கத்தின் விவசாயக் கடனும் கூட்டுறவுச் சங்கங்களும் பேருக்கு இருந்தன, 1920களின் கடைசியில் கூட்டுறவு இயக்கமே நொடித்துவிட்டது. நகரத்தார் பணம் இல்லாமல் 80 லட்சம் ஏக்கர் அவ்வளவு வேகத்தில் வயலாகியிருக்காது. இதை உறுதியாகச் சொல்வேன்.

அதே உறுதியோடு அடுத்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கடன் முழுக்க முழுக்க நெல் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் நின்றது. நிலத்தைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் அனுபவித்து வரி கட்டினால் உரிமை கிடைக்கும் என்று 1876ம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருந்தது. உரிமை வந்தால் அடகு வைக்கலாம், அடகு வைத்தால் இழக்கவும் செய்யலாம். 1929க்குப் பிறகு உலக மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. வட்டி கட்ட முடியவில்லை. முதலும் நின்றுபோனது. 1930ல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். 1937ல் அது 25 சதவீதம், ஏறக்குறைய 24 லட்சம் ஏக்கர். ஏழே ஆண்டுகளில்! விவசாயம் செய்யாத மற்ற உடைமையாளர்களையும் சேர்த்தால், அந்த மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறைய பாதி உழுதவன் கையை விட்டுப் போயிருந்தது. உங்கள் ஹெந்தாடா பத்திரங்களின் தேதி 1931க்கும் 1937க்கும் நடுவில் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நிலத்தைப் பிடுங்கும் எண்ணத்தோடுதான் கடன் கொடுத்தார்களா என்பது விவாதத்துக்குரியது. நான் பார்த்த கணக்குகளும், அந்தக் காலத்துச் சாட்சியங்களும் அப்படிக் காட்டவில்லை. கடைக்காரருக்கு வேண்டியது சுற்றிவரும் பணம். மூன்று ஆண்டுக்கொருமுறை ஐந்தொகை எடுத்து ஊருக்குத் திரும்ப வேண்டிய மேலாளுக்கு, விற்கவும் முடியாத, குத்தகையும் சரியாக வராத வயல் தலைவலிதான். நிலம் அவர்கள் மேல் வந்து விழுந்தது என்று சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆனால் இது என் கருத்து. இதை அப்படியே அந்தப் பர்மியப் பெண்ணிடம் சொல்லாதீர்கள். தாத்தா காடு வெட்டி உண்டாக்கிய வயலில் பேரன் குத்தகைக்காரனாக நின்றான். எடுத்தவனின் எண்ணம் என்ன என்பது அவனுக்கு எந்த ஆறுதலும் தராது.

அரசியல் இங்கேதான் சூடு பிடித்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகக் கூலித் தகராறு இந்தியர் மேலான கலவரமாக மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். 1931ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1937 ஏப்ரல் 1ல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி கலவரம். தக்கின் (எசமானர்) என்று தங்களை அழைத்துக்கொண்ட மாணவர் தலைமுறை, பின்னாளில் விடுதலைத் தலைவரான ஆங் சானும் பிரதமரான ஊ நூவும் அதில்தான் வளர்ந்தார்கள், சோசலிசம் படித்தபோது அவர்கள் கண்ணெதிரே முதலாளித்துவத்துக்கு ஒரே ஒரு முகம் இருந்தது. அது லண்டனில் உட்கார்ந்திருந்த கம்பெனியின் முகமாக இல்லை, அடுத்த தெருவில் சட்டையில்லாமல் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தவரின் முகமாக இருந்தது. அந்த நாட்டு அரசியல் பிற்பாடு போன திசைக்கு இதைவிட ஆழமான காரணம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தனியார் கடன், தனியார் வணிகம் என்றாலே அந்நியன், சுரண்டல் என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கே பதிந்துபோனது.

1941 டிசம்பர் 23ல் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. வசதியுள்ளவர்கள் கப்பலிலும் விமானத்திலும் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் அரக்கான் வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும், ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். நான்கைந்து லட்சம் பேர் கிளம்பியதாகச் சொல்வார்கள். வழியில் இறந்தவர்கள் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. யாரும் எண்ணவில்லை என்பதுதான் உண்மை. இறந்தவர்கள் பெரும்பாலும் கூலிகள், சமையல்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள். நம் பக்கத்து நினைவுகளில் பெரிய வீடுகளின் இழப்புக்கு இருக்கும் இடம் இவர்களின் சாவுக்கு இல்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம்.

1948 ஜனவரி 4ல் பர்மா விடுதலை பெற்றது. பர்மிய தேசியத் தலைவர்களையும் மலைவாழ் இனங்களையும் பாங்லாங் உடன்பாட்டில் ஒன்றாக உட்காரவைத்த ஆங் சானை, அதற்கு ஆறு மாதம் முன்பே, 1947 ஜூலை 19ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். விடுதலை கிடைத்த சில வாரங்களில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள், 1949ல் கரேன் இனத்தார். அந்த உள்நாட்டுப் போர் ஏதோ ஒரு வடிவத்தில் இன்றுவரை ஓயவே இல்லை. செட்டியார் இருந்தாரா போனாரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஐயாவின் வாதத்தில் முதல் ஓட்டை இதுதான்.

1948லேயே நில தேசியமயச் சட்டம் வந்தது. ரங்கூன் பக்கத்துச் சிரியம் வட்டத்தில் தொடங்கி நின்றுபோய், 1953ல் புதுச் சட்டத்தோடு மறுபடி தொடங்கியது. இழப்பீடு என்று சட்டத்தில் இருந்தது, கைக்கு வந்தது மிகச் சொற்பம், பெரும்பாலோருக்கு ஒன்றுமே இல்லை. இதை அநியாயம் என்று செட்டிநாட்டில் சொல்கிறார்கள். இழப்பீடு தராததைப் பொறுத்தவரை நானும் ஒத்துக்கொள்வேன். நிலத்தை உழுதவனுக்குத் திருப்பித் தர நினைத்தது நியாயமான எண்ணம். ஜப்பானிலும் தைவானிலும் அதே காலத்தில் அதைத்தான் செய்தார்கள், அங்கே விவசாயி எழுந்து நின்றான். பர்மாவில் ஏன் எழவில்லை? கொடுத்த நிலத்தை விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது என்று விதித்தார்கள். பழைய துயரம் திரும்பக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அடகு இல்லையென்றால் வெளிக்கடன் இல்லை. அந்த இடத்தை நிரப்ப அரசு கொடுத்த கடன் தேவையில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இன்னொரு பக்கம், அரிசி ஏற்றுமதி முழுவதையும் அரசு வாரியமே எடுத்துக்கொண்டது. உலகச் சந்தையில் என்ன விலை போனாலும் விவசாயிக்கு அதைவிட வெகு குறைவான நிலைத்த விலை. மிச்சம் அரசாங்கத்துக்கு. புல்லிங்கர் கூட்டு செய்ததை அரசாங்கமே செய்தது என்பதுதான் இதன் பொருள். செட்டியாரும் போனார், ஸ்டீல் பிரதர்ஸும் போனார்கள், விவசாயியின் நிலைமை மட்டும் மாறவில்லை.

இருந்தும் 1950களில் பர்மா நிமிர்ந்துதான் இருந்தது. தேர்தல்கள் நடந்தன, பத்திரிகைகள் சுதந்திரமாக எழுதின, ரங்கூன் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பிருந்தது. அந்த நாட்டுக்காரரான ஊ தாண்ட் 1961ல் ஐ.நா. பொதுச் செயலாளரானார். 1962 மார்ச் 2ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்ததோடு எல்லாம் மாறியது. 1963ல் வங்கிகள் அரசுடைமை. அவற்றில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கிளையும் ஒன்று. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ல் அந்த வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தார் என்றால், அன்றைக்கு நமக்கும் ரங்கூனுக்கும் இருந்த தூரம் எவ்வளவு குறைவு என்று புரியும். 1964ல் கடைகள், கிடங்குகள் எல்லாம் அரசுடைமை. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெரிய முதலாளிகள் இதற்கு வெகுமுன்பே கிளம்பியிருந்தார்கள். அடி விழுந்தது தையற்காரருக்கும் பால்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும். கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியவர்களிடம் கைப்பெட்டிக்கு மேல் எதுவும் இல்லை. பர்மா பஜாரும், தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும் அப்படி வந்தவர்களால் உண்டானவை. போகாமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் பகோவிலும் மௌல்மீனிலும் இன்றும் இருக்கிறார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் முழுக் குடியுரிமையை 1823க்கு முன்பே குடியிருந்த இனங்களோடு கட்டிப்போட்டதால், அவர்களில் பலர் பிறந்த மண்ணிலேயே அரைக் குடிமக்கள். ரோஹிங்கியாக்கள் நாடற்றவர்களாக ஆனதற்கும் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

இராணுவ ஆட்சிதான் காரணம் என்று இதோடு முடித்துவிடலாமா? முடியாது. தாய்லாந்தைப் பாருங்கள். அதுவும் அரிசி விற்ற நாடு. அங்கேயும் ஜெனரல்கள் மாறி மாறி ஆட்சியைப் பிடித்தார்கள். அங்கேயும் அரிசி ஏற்றுமதி மேல் வரி போட்டு விவசாயியைப் பல ஆண்டுகள் பிழிந்தார்கள். அங்கேயும் வணிகமும் கடனும் வெளியிலிருந்து வந்தவர்கள் கையில், சீனர்கள் கையில் இருந்தன. போர் முடிந்த காலத்தில் எந்த நாடு முந்தும் என்று கேட்டிருந்தால் பலரும் பர்மாவைத்தான் காட்டியிருப்பார்கள். இன்று தாய்லாந்தில் கூலி வேலை செய்யப் பர்மியர்கள் எல்லை கடந்து போகிறார்கள். என்ன வேறுபாடு? தாய்லாந்து தன் சீன வணிகர்களை விரட்டவில்லை. நெருக்கினார்கள், பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், ஜெனரல்களைக் கம்பெனிகளில் பங்காளியாக்கச் சொன்னார்கள். அசிங்கமான ஏற்பாடுதான். ஆனாலும் மில்லும் வங்கியும் வணிகத் தொடர்பும் நாட்டுக்குள்ளேயே நின்றன, இரண்டு தலைமுறையில் அந்த வணிகர்கள் தாய்லாந்துக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். பர்மாவில் அந்த அறிவு மொத்தத்தையும் கப்பலேற்றிவிட்டு, அந்த நாற்காலியில் இராணுவ அதிகாரியை உட்காரவைத்தார்கள்.

நகரத்தார் தாய்லாந்துச் சீனர்களைப் போல அந்த மண்ணோடு கலந்திருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்று ஆண்டுக்கொருமுறை ஆள் மாற்றுகிற ஏற்பாட்டில் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். கோயிலும் கல்யாணமும் வீடும் எல்லாம் செட்டிநாட்டில். லாபத்தில் ஒரு பகுதி தேக்குத் தூண்களாகவும் முகப்புகளாகவும் இங்கே வந்து நின்றது. கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன இடத்தில் வேர் விடாதது அந்தத் தொழிலுக்குப் பலம், அரசியல் மாறியபோது அதுவே பலவீனம்.

1962க்குப் பிந்தைய கதையை வேகமாகக் கடக்கிறேன். ஒருகாலத்தில் 30 லட்சம் டன்னாக இருந்த அரிசி ஏற்றுமதி 1980களின் கடைசியில் சில லட்சம் டன்னுக்குள் சுருங்கிவிட்டது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றித் தராமலே செல்லாததாக்கினார்கள். நே வினுக்கு 9 ராசியான எண் என்பதால் 45, 90 கியாட் நோட்டுகள் வந்ததாகப் பலரும் சொல்கிறார்கள். நோட்டுகள் வந்தது உண்மை, காரணம் ஊகம். அந்த ஆண்டே ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. 1988 ஆகஸ்டில் மக்கள் எழுந்தார்கள், ஆயிரக்கணக்கில் சுடப்பட்டார்கள். 1990 தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி பெருவாரியாக வென்றும் ஆட்சி தரப்படவில்லை. 2011க்குப் பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. சந்தையில் 800 கியாட் விலைபோன டாலருக்கு 6 கியாட் என்று அரசு எழுதிவைத்திருந்த பொய்க்கணக்கை 2012ல் கைவிட்டார்கள், வளர்ச்சியும் வந்தது. அந்தக் காலத்திலேயே, 2017ல், 7 லட்சம் ரோஹிங்கியாக்களை விரட்டியடிக்கவும் செய்தார்கள். 2021 பிப்ரவரி 1ல் இராணுவம் மறுபடி கைப்பற்றியது. அந்த ஓராண்டில் மட்டும் பொருளாதாரம் சுமார் 18 சதவீதம் சுருங்கியதாக உலக வங்கி மதிப்பிட்டது.

ஆகவே உங்கள் ஐயா சொன்னதில் பாதி உண்மை. கடனும் வணிக அறிவும் வெளியேறியது அந்த நாட்டுக்குப் பெரிய இழப்பு. ஆனால் "நாம் இருந்தவரை செழிப்பு" என்பது உண்மையில்லை. செழிப்பு 1930லேயே உடைந்துவிட்டது, உடைந்தபோது நாம் அங்கே இருந்தோம், நிலமும் நம் பெயருக்கு வந்தது. அந்தப் பெண் சொல்வதிலும் பாதி உண்மை. நிலம் போனது, அந்தக் காயம் பொய்யில்லை. ஆனால் இன்றைய வறுமை அங்கே தொடங்கவில்லை. நிலம் திரும்பிக் கிடைத்த பிறகும் விளைச்சலுக்கு விலை தராத அரசும், எழுபது ஆண்டுக்கு மேல் நீளும் உள்நாட்டுப் போரும், அறுபது ஆண்டு இராணுவமும்தான் அதன் காரணம். 1962 நடக்காமலிருந்தால் பர்மா இன்று எங்கே இருக்கும் என்று கேட்டால், அதற்கு யார் சொல்லும் பதிலும் ஊகம்தான். மலைவாழ் இனங்களோடு செய்த பாங்லாங் உடன்பாட்டின் சிக்கல் தீராமலே இருந்ததால், நான் அவ்வளவு நம்பிக்கையோடு பேச மாட்டேன்.

செட்டிநாட்டுக்கு என்ன ஆனது என்பதையும் ஒரு வார்த்தை. 1900ல் மௌல்மீனில் வட்டிக்கடை தொடங்கிய முருகப்பா குடும்பம் போல, முன்கூட்டியே பணத்தை இந்தியாவுக்கு மாற்றியவர்கள் ஆலை முதலாளிகள் ஆனார்கள். மாற்ற முடியாதவர்கள், அவர்களே அதிகம், வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அந்த வீட்டின் தூண்களும் ஒவ்வொன்றாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. ஆச்சிமார் பணம் என்று சொன்னேனே, அதில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. அதற்கு எந்த அரசும் பதில் சொன்னதில்லை.

கடைசியாகப் பத்திரங்கள். நிலத்துக்கான உரிமைச் சான்றாக அவற்றுக்கு இன்று மதிப்பு கிடையாது. தேசியமயச் சட்டங்களோடு அந்த உரிமை முடிந்தது. 2008 அரசியல் சட்டப்படி அந்த நாட்டின் நிலம் அனைத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசுதான். இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். வரலாற்றுச் சான்றாக அவற்றின் மதிப்பு மிகப் பெரியது. லேமினேட் செய்யவோ பசைநாடா ஒட்டவோ வேண்டாம். பேரேட்டின் கட்டைப் பிரிக்காமல், பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். முதல் பக்கத்தில் கடையின் விலாசமும் கணக்குத் தொடங்கிய தமிழ் ஆண்டும் இருக்கும், அது தெளிவாக விழ வேண்டும். பங்காளிகள் சம்மதித்தால் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த நூலகமே கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்து உருவானது. படங்களில் பர்மிய எழுத்தில் கையெழுத்தோ கைநாட்டோ உள்ள பக்கங்கள் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து, உங்களோடு வேலை பார்க்கும் அந்தப் பெண்ணிடம் காட்டி அதில் இருக்கும் ஊரையும் பேரையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடன் வாங்கியவர் யார் என்பது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.